மாட்டிக்கொண்டதற்கு ஒரு சாட்சி

வெண்டெல் ஷாட்ஸ் கேட்டது ஒரு வண்டி. மாவட்ட நிர்வாகம் அவனுக்குக் கொடுத்தது ஒரு குழு.

பெரிய ஆசையெல்லாம் ஒன்றும் இல்லை. வட டகோட்டாவில் எங்கள் ராட்டில் க்ரீக் மாவட்டத்தில் தார்ச்சாலை முடிகிற இடத்துக்கு அப்பால் தனியாக இருக்கும் வயசாளிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டரும் மதியச் சாப்பாடும் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. அதற்காக மாவட்டம் கொடுத்திருந்த பழைய பிக்கப் ஆகஸ்ட் மாதம் மாதா கோயில் வாசலில் நின்று உயிரை விட்டது. புதுசு வாங்கியாக வேண்டும். சொந்த வண்டியில் சிலிண்டர் ஏற்றக் காப்பீட்டுக்காரன் விடமாட்டான். "நாலு சக்கரமும் இழுக்கற வண்டியா, ஃபோர் வீல் டிரைவா வாங்கிக் குடுங்க" என்று வெண்டெல் ஒரு வரியில் கேட்டான். அந்த ஒரு வரியோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு வரியோடு எது முடிந்திருக்கிறது, சொல்லுங்கள்.

சாதாரண பிக்கப்பில் பின்சக்கரம் இரண்டுதான் இழுக்கும். பின்னால் பாரம் இல்லையென்றால் ஈரத்தில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால்தான் பனிக்காலம் வந்தால் ஊரே பின்தட்டில் மணல் மூட்டையை ஏற்றிக்கொண்டு அலைகிறது. நாலு சக்கரமும் இழுத்தால் அந்தத் தொல்லை இல்லை. விலை கொஞ்சம் கூடுதல், பெட்ரோல் கொஞ்சம் அதிகம் குடிக்கும். இவ்வளவுதான் சங்கதி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட மத்தியானச் சாப்பாட்டு மணிக்குள் முடிவு சொல்லிவிடும். மாவட்ட வாகனத் தேர்வுக் குழு செப்டம்பரில் உட்கார்ந்தது.

வெண்டெலுக்கு அவசரம் ஆல்வின் ப்ரெக்கேயால் வந்தது. கழுகுமேட்டுச் சாலையின் கடைசி வீடு அவருடையது. எண்பதைத் தாண்டிய பிரம்மச்சாரி. மூக்கில் குழாய், காலடியில் ஒற்றைக்கண் நாய். அந்தச் சாலை முழுக்கக் களிமண். ஒரு மழை பெய்தால் சக்கரத்தில் அப்பி, சக்கரம் பீப்பாய் ஆகி, வண்டி தன் இஷ்டத்துக்குப் போகும். சுகாதாரத் துறை ஆல்வினிடம் சொல்லிவிட்டது: பனிக்காலம் முழுக்கச் சிலிண்டர் வந்து சேரும் என்று மாவட்டம் உத்தரவாதம் கொடுத்தால் வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் டவுனில் இருக்கும் முதியோர் இல்லம். அங்கே ஜன்னலைத் திறந்தால் வண்டி நிறுத்துமிடம் தெரியும். நாய்க்கு அனுமதி கிடையாது.

"எனக்கு அங்க போறதுல ஆட்சேபணையே இல்லடா வெண்டெல்" என்றார் ஆல்வின். "நாய்தான் ஒத்துக்க மாட்டேங்குது. நீ அந்த நாலு சக்கர வண்டிய வாங்கிட்டு வந்துடு. வாழ்க்கையில ஒரே ஒரு வேலை உன்கிட்ட சொல்லியிருக்கேன். கெடுத்துத் தொலைக்காத."

வெண்டெல் தலையை ஆட்டினான். அவனுக்கு எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிப் பழக்கம்.

வண்டி விஷயமாகக் குழுவின் முதல் கூட்டம் மாவட்ட அலுவலகத்தின் பெரிய அறையில் நடந்தது. முதலில் காப்பி. பிறகு போன கூட்டத்தில் என்ன பேசினோம் என்பதைப் படித்தார்கள்; அதற்கு முந்திய கூட்டத்தில் என்ன பேசினோம் என்பதைப் படித்ததாக அதில் இருந்தது. பிறகு இறந்துபோன பிக்கப்புக்கு எழுந்து நின்று மௌன அஞ்சலி. அப்புறம் தலைவர் கார்லைல் ஓஸ்ட்மோ தொண்டையைச் செருமினார். முன்பு மெத்தைக் கடை வைத்திருந்தவர். இன்னமும் எதையும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்யவேண்டும் என்று நினைப்பவர்.

"நண்பர்களே, வண்டிங்கறது வெறும் வண்டி இல்ல. மக்களோட நம்பிக்கை அது. அந்த நம்பிக்கைய ரெண்டு சக்கரம் இழுக்கணுமா, நாலு சக்கரம் இழுக்கணுமா? அவசரப்பட்டு முடிவு பண்றதுக்கு நாம யாரு? நான் இந்த நாற்காலியில பத்து வருஷத்துக்கு மேல உக்காந்திருக்கேன். இதுவரைக்கும் ஒரு முடிவகூட அவசரப்பட்டு எடுத்தது கிடையாது. உண்மையச் சொல்லப்போனா ஒரு முடிவகூட எடுத்தது கிடையாது. அதனாலதான் எங்க மேல இன்னைக்கு வரைக்கும் ஒரு குத்தம் குறை கிடையாது."

எல்லோரும் கைதட்டினார்கள். கை ஓய்ந்ததும் துணைத்தலைவர் ஹார்லன் மெய்டிங்கர் எழுந்தார். விற்பனைக்காரன் கொடுத்த இரண்டு படங்களையும் மூக்கருகே வைத்துக்கொண்டு விரலால் எண்ணினார்.

"ரெண்டு வண்டியிலயும் நாலு சக்கரம்தான் இருக்கு. ரெண்டு சக்கர வண்டின்னு சொல்லிட்டு நாலு தர்றான். நமக்கு லாபம்தானே? பேசாம அதையே வாங்கிடலாமே."

"எல்லாம் நாலு சக்கரம்தாங்க" என்றான் வெண்டெல். "ஆனா இதுல ரெண்டுதான் இழுக்கும். மத்த ரெண்டும் சும்மா கூட உருண்டு வரும்."

ஹார்லனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ரெண்டு பேர் இழுத்தா போதாதா? கூட வர்றவங்களும் இழுத்தே ஆகணும்னு என்ன சட்டம்? நானும் இந்தக் குழுவுல கூடவேதான் வர்றேன். யாராவது கொறை சொல்லியிருக்காங்களா?"

யாரும் சொன்னதில்லை.

வெண்டெல் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டான். அலுவலகத்துக்குப் பின்னால், கதகதப்பு வைத்த கொட்டகையில், வெள்ளை வெளேரென்று ஒரு ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் நிற்கிறதே, குழுத்தலைவரின் ஆய்வு வண்டி, அதைச் சிலிண்டருக்குக் கொடுக்க முடியாதா? அறையில் காப்பிக் கோப்பைகள் அப்படியே நின்றன.

"அது ஆய்வு வண்டிப்பா" என்றார் ஓஸ்ட்மோ, பொறுமையாக.

"எங்க ஆய்வுக்குப் போவீங்க, தலைவரே?"

"போறதுக்குன்னு யாரு சொன்னா? போகணும்னு நெனச்சா போக முடியணும். அதுக்கு."

பிறகு ஓஸ்ட்மோ எழுத்தர் டெலோரஸ் பக்கம் திரும்பினார். மாவட்ட வண்டி ஏதாவது எப்போதாவது சேற்றிலோ பனியிலோ மாட்டிக்கொண்டதாகப் பதிவு இருக்கிறதா? டெலோரஸ் புரட்டிப் பார்க்கக்கூட இல்லை. ஒன்றுகூட இல்லை என்றாள்.

"இருக்காதுங்க" என்று பதறினான் வெண்டெல். "நான் மாசத்துக்கு எத்தனையோ தடவ மாட்டியிருக்கேன். யாராவது வந்து இழுத்து விட்டுருவாங்க. அத யாரு ஆபீஸ்ல வந்து சொல்லிக்கிட்டு இருக்கறது?"

எங்கள் பக்கத்து வழக்கம் அது. ரோட்டோரப் பள்ளத்தில் ஒரு வண்டி கிடந்தால் தாண்டிப் போகக்கூடாது. ஜென்மப் பகையாளியாக இருந்தாலும் இறங்கிக் கயிற்றைக் கட்டி இழுத்துவிட்டு, பேசாமல் போய்விடலாம், இழுக்காமல் போகக்கூடாது. அதற்குக் காசு கிடையாது, நன்றிகூடக் கிடையாது. ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினால் போதும்.

"இழுத்து விட்டாங்கல்ல?" என்றார் ஓஸ்ட்மோ.

"ஆமா."

"வெளிய வந்துட்டல்ல?"

"வந்துட்டேன்."

"அப்ப மாட்டிக்கலையே. வெளிய வர முடியலேன்னாதானே மாட்டிக்கிட்டதா அர்த்தம்?"

  குழு அன்றைக்கே, தன் சரித்திரத்தில் முதல் முறையாக, ஒரு தீர்மானம் போட்டது. மாட்டிய வண்டி மாட்டிய இடத்திலேயே நின்று, குழு உறுப்பினர் ஒருவர் நேரில் வந்து கண்ணால் பார்த்தால்தான் மாட்டியதாகக் கணக்கு. அதுவரை அந்த வண்டி ஓடிக்கொண்டிருப்பதாகவே கொள்ளப்படும். இப்போதைக்கு வெள்ளோட்டமாக ஒரு டூ வீல் டிரைவ் பிக்கப் தரப்படும். அப்படி ஒரு சாட்சி கிடைத்துவிட்டால் ஃபோர் வீல் பற்றி யோசிக்கலாம்.

பின்தட்டுக்கு மணல் மூட்டை கேட்டான். மணல் சாலைத் துறையுடையது. பனிக்காலத்தில் சாலைக்கு வேண்டும், கொடுக்க முடியாது, ஜூன் மாதம் வா என்றார்கள்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. கழுகுமேட்டுச் சாலையில் பாதி தூரம் போவதற்குள் வண்டி பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் உட்கார்ந்தது. வெண்டெலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பள்ளத்தில் விழுந்ததற்குச் சந்தோஷப்பட்ட மனுஷன் எங்கள் மாவட்டத்தில் அவன் ஒருத்தன்தான் இருப்பான். உடனே டெலோரஸுக்கு ஃபோன் போட்டான்.

"டெலோரஸ், மாட்டிக்கிட்டேன்! நல்லா மாட்டியிருக்கு! தலைவர வரச் சொல்லு."

"சாப்பிடப் போயிருக்கார். இன்னைக்கு மாவுருண்ட போட்ட நெஃப்லா சூப் வேற. ரெண்டு கிண்ணம் குடிப்பார். அதுவரைக்கும் அங்கயே இரு."

இருந்தான். ஆனால் லவோன் எக்ராத் இருக்க விடவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரி. பெரிய பச்சை டிராக்டரில் வந்தவள், கேட்காமல் கொள்ளாமல் இறங்கிக் கயிற்றை எடுத்தாள்.

"வேண்டாம் லவோன். இருக்கட்டும்."

"என்ன இருக்கட்டும்?"

"இப்பிடியே இருக்கட்டுங்கறேன்."

லவோன் இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஏன்யா, எங்கிட்ட ஏதாவது கோவமா? போன வருஷம் உன் வீட்டு வேலிய எங்க மாடு சாச்சுதே, அதுவா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல. குழு வந்து பாக்கணும்."

"பள்ளத்துல கெடக்கற வண்டியப் பாக்க ஒரு குழுவா? அவங்க வீட்ல டிவி இல்லையா?" என்றபடியே கயிற்றை மாட்டிவிட்டாள். வெண்டெல் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு "இல்ல, இல்ல" என்று கத்திக்கொண்டிருக்கும்போதே வண்டி மேலே வந்துவிட்டது. லவோன் இரண்டு விரலைத் தூக்கிவிட்டுப் போனாள்.

ஓஸ்ட்மோ தார்ச்சாலை முடிகிற இடம்வரைக்கும் வந்தார். சுத்தமான சப்பாத்து. கழுத்துவரை சேறோடு வெண்டெல் வண்டியை அங்கே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான்.

"எங்க மாட்டியிருக்கு?"

"மாட்டியிருந்துச்சுங்க."

"இருந்துச்சா?" ஓஸ்ட்மோவுக்கு உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது. "முடிஞ்சு போனதுல தலையிட எங்களுக்கு அதிகாரம் இல்லப்பா. அது சரித்திர சங்கத்தோட வேலை. அவங்க செவ்வாய்க்கிழம கூடுவாங்க."

நவம்பரில் பனி விழுந்தது. இந்த முறை வெண்டெல் முன்யோசனையோடு ஒரு அட்டை எழுதி வைத்திருந்தான்: தயவுசெய்து இழுக்க வேண்டாம். பள்ளத்தில் போய் இறங்கியதும் அதைப் பின்கண்ணாடியில் ஒட்டினான். அது பெரிய தப்பு. வந்தவர்கள் அட்டையைப் படிக்க வண்டியை நிறுத்தினார்கள். நிறுத்திவிட்ட பிறகு இழுக்காமல் போக யாருக்கும் மனசு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் சாலையில் வரிசையாகப் பிக்கப்கள். முன்பக்கம் கட்டி இழுப்பதா, பின்பக்கம் கட்டி இழுப்பதா என்று வாக்குவாதம். யாரோ ருபார்ப் பலகாரம் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். வெண்டெல் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்தான். லூதரன் கோயில் பாதிரியார் கண்ணாடியை மெல்லத் தட்டினார்.

"வெண்டெல், வீட்ல ஏதாவது பிரச்சினையா? மனசு விட்டுப் பேசுப்பா."

"ஒண்ணும் இல்ல பாஸ்டர். மாட்டிக்கிட்டு இருக்கேன், அவ்வளவுதான்."

"நாம எல்லாருமே ஏதோ ஒரு விதத்துல மாட்டிக்கிட்டுதான் இருக்கோம்" என்றார் பாதிரியார் கனிவாக. பிறகு திரும்பி, "இழுங்கப்பா" என்றார்.

கதவைப் பூட்டிய நிலையில், உள்ளே ஆளோடு, வண்டியை வெளியே எடுத்து நிறுத்தினார்கள். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் வெண்டெலுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் முழுக்கப் பேச்சு. அவன் வீட்டு வாசலுக்கு ஹாட்டிஷ் வர ஆரம்பித்தது. எங்கள் ஊரில் செத்த வீட்டுக்கும் சீக்கு வீட்டுக்கும் மட்டும்தான் அந்த உருளைக்கிழங்குக் கறி அடுப்புச் சட்டியோடு வரும். அவன் மனைவி சட்டிகளை அடுக்கி வைத்துவிட்டு, "இதுல நீ செத்துட்டியா, சீக்கா? நான் யாருக்கு என்ன பதில் சொல்றது?" என்று கேட்டாள். வெண்டெல் ஒரு சட்டியைத் திறந்து சாப்பிட்டான். அவனுக்கு அலுத்துப்போயிருந்தது.

இடையில் ஆல்வினுக்குச் சிலிண்டர் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் சுகாதாரத் துறைக்காரர்கள் உத்தரவாதம் எங்கே, உத்தரவாதம் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வெண்டெல் ஒரு காலை காப்பிக் கடையில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றான். எழுந்து நின்று நாலு பேர் முன்னால் அவன் பேசியது கல்யாணத்தில் ஒரு தடவைதான், அதுவும் பாதிரியார் சொல்லச் சொல்ல.

"அடுத்த தடவ நான் பள்ளத்துல கெடந்தா, யாரும் இழுக்காதீங்க. கும்புட்டுக் கேக்கறேன். தலைவர் வந்து கண்ணால பாக்கணும். பாத்தாதான் நல்ல வண்டி வரும். வந்தாதான் ஆல்வின் வீட்ல இருக்க முடியும்."

 லவோன்தான் முதலில் பேசினாள். "பாத்துட்டு அப்பிடியே போகச் சொல்றியா? எங்கப்பா கல்லறையிலேர்ந்து எந்திரிச்சு வந்து என் டிராக்டர் சாவியப் பிடுங்கிக்குவாரு."

"ஆல்வினுக்காக லவோன்."

அவள் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். "சரி. ஆல்வினுக்காக. ஆனா என் மூஞ்சியப் பாக்காத அப்ப."

டிசம்பரில் அந்த நாள் வந்தது. ஆல்வின் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் வளைவில் வண்டி சறுக்கி, மூக்கைப் பனிக்குள் நுழைத்துக்கொண்டு நின்றது. பின்தட்டில் ஆல்வினின் சிலிண்டர். வெண்டெல் டெலோரஸைக் கூப்பிட்டான். தலைவர் கிளம்பிவிட்டார் என்றாள். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பள்ளத்தைப் பார்த்ததும் வேகம் குறையும். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கூசிக் கூசி இரண்டு விரலைத் தூக்கிவிட்டுப் போனார்கள். ஒருத்தர் வெண்டெல் பார்க்காத நேரத்தில் வண்டி மூக்கின்மேல் காப்பிக் குடுவையை வைத்துவிட்டு ஓடினார். ரொம்ப தூரம் யாராலும் போக முடியவில்லை. மேட்டில் போய் நிறுத்திக்கொண்டு அங்கிருந்தே பார்த்தார்கள். லவோனின் டிராக்டரும் அங்கே நின்றது.

வெண்டெலின் ஃபோன் அடித்தது. ஆல்வின்.

"எங்கடா இருக்க?"

"வளைவுல மாட்டியிருக்கேன்."

"யாரும் இழுக்கலையா?"

"நான்தான் வேண்டாம்னு சொல்லியிருக்கேன். தலைவர் வந்து பாக்கணும்ல."

 "நல்ல ஏற்பாடு. இங்க சிலிண்டர் முள்ளு கீழ எறங்கிக்கிட்டு இருக்கு. நீ நிதானமா உன் சாட்சிய வச்சுக்க. நான் மூச்சப் பாத்துப் பாத்து விட்டுக்கறேன்."

 ஒரு மனுஷனை வீட்டில் வைத்துக்கொள்வதற்காக அந்த மனுஷனையே மூச்சுக்குத் தவிக்கவிட்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று வெண்டெலுக்குத் தோன்றியது. இறங்கி மேட்டைப் பார்த்துக் கையைத் தூக்கப் போனான். அந்த நேரத்தில் வெள்ளை வண்டி வந்தது.

ஆய்வு வண்டி தார்ச்சாலையை விட்டு இறங்கியது அதுதான் முதல் தடவை. உள்ளே ஓஸ்ட்மோ, சூடேறும் இருக்கையில், கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தார். வளைவில் கம்பீரமாகத் திரும்பினார். அதே கம்பீரத்தோடு வெண்டெலின் வண்டிக்குப் பக்கத்தில், அதே பள்ளத்தில், வந்து இறங்கினார்.

வெண்டெல் ஓடிப்போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தான். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு குமிழ். அதில் ஒரு பக்கம் இரண்டு, ஒரு பக்கம் நாலு. அது இரண்டில் இருந்தது.

"தலைவரே, அந்தக் குமிழ நாலுக்குத் திருப்புங்க. வந்துரும்."

"எந்தக் குமிழ்? இதுவா? இது ரேடியோன்னு நெனச்சேன்." அவர் கையை அதன் அருகே கொண்டுபோய்விட்டு இழுத்துக்கொண்டார். "தெரியாததத் தொடக்கூடாது. அந்த ஜனங்க எதுக்கு அங்க நிக்கறாங்க? வந்து இழுக்கச் சொல்லு!"

மேட்டிலிருந்து யாரும் அசையவில்லை. ஓஸ்ட்மோ கண்ணாடியை இறக்கிக் கத்தினார். "ஏம்மா லவோன்! இழும்மா!"

"முடியாது தலைவரே! இழுக்க மாட்டோம்னு வெண்டெலுக்கு வாக்குக் குடுத்திருக்கோம்!"

"அது அவன் வண்டிக்கு!"

"யாரு வண்டின்னு நாங்க பேசிக்கலையே!"

வெண்டெல் குனிந்தான். "மாட்டியிருக்கறத பாத்துட்டீங்கள்ல, தலைவரே?"

"பாத்தேன், பாத்தேன்! எத்தனை தடவ சொல்றது? ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்!"

அது போதும். வெண்டெல் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். "லவோன்! மொதல்ல சிலிண்டர்!" லவோன் பாய்ந்து வந்தாள். சிலிண்டரை டிராக்டருக்குள் தன் காலடியில் நிறுத்திக்கொண்டு ஆல்வின் வீட்டுக்குப் போனாள். காப்பீட்டுக்காரன் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பான். அவள் திரும்பி வந்து இரண்டு வண்டியையும் இழுத்துவிடும்வரை ஓஸ்ட்மோ சூட்டு இருக்கையில் குளிரக் குளிர உட்கார்ந்திருந்தார். அந்தச் சூடு எஞ்சின் ஓடினால்தான் வரும் என்பதும் அவருக்குத் தெரியாது.

ஜெயித்துவிட்டோம் என்று வெண்டெல் நினைத்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம்கூடச் சொன்னான். பாவம்.

ஜனவரிக் கூட்டத்தில் ஓஸ்ட்மோ எழுந்து நின்றார்.

"நண்பர்களே, உயிரப் பணயம் வச்சு நான் நேர்ல போய்ப் பாத்தேன். டூ வீல் வண்டி பள்ளத்துல கெடந்துச்சு. ஃபோர் வீல் வண்டியும் அதே பள்ளத்துல கெடந்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு அடிகூட இல்ல. அப்ப வித்தியாசம் எங்க இருக்கு? விலையில மட்டும்தான் இருக்கு."

"உங்க குமிழ் ரெண்டுல இருந்துச்சுங்க" என்றான் வெண்டெல்.

"குமிழ் எதுல இருந்துச்சுங்கறது ஓட்டறவரோட அந்தரங்கம். வண்டி ஃபோர் வீல் வண்டிதானே?"

டூ வீல் வண்டியே நிரந்தரம் என்று முடிவாயிற்று. கூடவே இரண்டு துணைத் தீர்மானங்கள். தலைவருக்கு நேர்ந்த இன்னலை முன்னிட்டு, இனிக் குழு உறுப்பினர் யாரும் தார்ச்சாலையை விட்டு இறங்கக்கூடாது. மாட்டிக்கொண்டதை உறுப்பினர் நேரில் பார்க்க வேண்டும் என்ற விதி அப்படியே தொடரும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. டெலோரஸ் மட்டும் எழுதுவதை நிறுத்தி ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள்.

உத்தரவாதம் இல்லை என்றானதும் சுகாதாரத் துறை கடிதம் அனுப்பியது. ஆல்வின் ப்ரெக்கேக்கு முதியோர் இல்லத்தில் அறை தயார். வெள்ளிக்கிழமை வரை வைத்திருப்பார்கள். அதற்குள் வராவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். அணுக முடியாத இடத்திலிருந்து ஆளை அழைத்துவர ஃபோர் வீல் டிரைவ் கட்டாயம் என்பதால், குழுத்தலைவரின் ஆய்வு வண்டி ஒரே ஒரு நாள் மட்டும் வெண்டெலுக்குத் தரப்படும்.

"சிலிண்டர் கொண்டுபோக ஃபோர் வீல் தேவையில்லேன்னீங்களே?" என்று வெண்டெல் ஹார்லனிடம் கேட்டான்.

"கொண்டுபோறது வாராவாரம். கொண்டுவர்றது ஒரே தடவ. இதுதான்ப்பா சிக்கனம்" என்றார் ஹார்லன்.

புதன்கிழமை வெண்டெல் வெள்ளை வண்டியை எடுத்தான். களிமண் தொடங்கும் இடத்தில் குமிழை நாலுக்குத் திருப்பினான். வளைவு வந்தது, போனது. முழங்கால் பனியில் வண்டி அலுங்காமல் குலுங்காமல் ஏறியது. இத்தனை மாதமாக அவன் கேட்டது இதைத்தான். கிடைத்தபோது அவனுக்கு அழுகைதான் வந்தது.

ஆல்வின் வாசலில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, நல்ல சட்டை போட்டிருந்தார். நாயைத் தூணில் கட்டியிருந்தது. பின்னால் லவோன் வந்து அவிழ்த்துக்கொண்டு போவதாக ஏற்பாடு.

"ரொம்ப சுலபமா வந்துட்டியே" என்றார்.

"ஆமா."

"சத்தமே கேக்கல. நல்ல வண்டிடா."

 அவர் திட்டவில்லை. ஆல்வின் திட்டாமல் இருந்து வெண்டெல் பார்த்ததே கிடையாது. கைத்தாங்கலாக ஏற்றி உட்கார வைத்தான். "சீட்டு சுடுதுடா" என்று மட்டும் முனகினார். வண்டி நகர்ந்ததும் நாய் ஒரு தடவை குரைத்தது, பிறகு கட்டின இடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஆல்வின் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசல் கேட்டைத் தாண்டியதும், தபால் பெட்டிக்குப் பக்கத்தில், வெண்டெல் வண்டியை நிறுத்தினான்.

"ஏன் நின்னுட்ட?"

"அந்த ரூம வெள்ளிக்கிழம வரைக்கும்தான் வச்சிருப்பாங்க."

"அதுக்கு?"

 வெண்டெல் கை நீட்டிக் குமிழை நாலிலிருந்து இரண்டுக்குத் திருப்பினான். ஸ்டியரிங்கை மெதுவாக வலப்பக்கம் ஒடித்து, தபால் பெட்டிக்கும் வேலிக்கும் நடுவிலிருந்த பள்ளத்தில், மாவட்டத்தின் மிக விலையுயர்ந்த வண்டியை அலுங்காமல் கொண்டுபோய் இறக்கினான். பின்சக்கரம் இரண்டும் சுற்றின, சுற்றின, பனிக்குள் அச்சுவரை இறங்கி நின்றன. முன்சக்கரம் இரண்டும் சும்மா இருந்தன.

 ஆல்வினுக்குச் சிரிப்பில் தோள் குலுங்க ஆரம்பித்தது. "அட கழுதப் பயலே" என்றார், மூக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டு. "அட கழுதப் பயலே."

வெண்டெல் டெலோரஸுக்கு ஃபோன் போட்டான். "வண்டி மாட்டிக்கிச்சு டெலோரஸ். தலைவர வந்து பாக்கச் சொல்லு."

"தலைவரால தார் ரோட்ட விட்டு எறங்க முடியாது. தீர்மானம் இருக்கு. எறங்கணும்னாலும் அவர் வண்டி உங்கிட்ட இருக்கு." மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "உறுப்பினர் யாரும் பாக்கலேன்னா வண்டி மாட்டல. மாட்டலேன்னா ஓடிக்கிட்டு இருக்கு. அப்பிடியே எழுதிக்கறேன். வந்துக்கிட்டு இருக்காங்கன்னு."

அப்போது லவோனின் டிராக்டர் வந்தது. நாயைக் கூட்டிப் போக வந்தவள், பள்ளத்தைப் பார்த்து வேகத்தைக் குறைத்தாள்.

"மாட்டிக்கிச்சா?"

"குழு பாக்கற வரைக்கும் இல்லையாம்."

"மாட்டாத வண்டிய நான் எப்பிடி இழுக்கறது?" என்றாள் லவோன். இறங்கி ஆல்வினைத் தாங்கிப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுபோய் விட்டாள், நாயை அவிழ்த்தாள், அடுப்பில் காப்பியை ஏற்றினாள். திரும்பிப் போகும்போது பள்ளத்தில் கிடந்த வண்டியைத் தாண்டுகையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இரண்டு விரலைத் தூக்கிவிட்டு, ஜாம் ஜாமென்று போனாள்.

வெள்ளிக்கிழமை அந்த அறை வேறொருவருக்குப் போனது. சிலிண்டர் லவோனின் டிராக்டரில் போகிறது, வெண்டெல் பின்னால் தொற்றிக்கொண்டு போகிறான். உத்தரவாதம் பற்றிச் சுகாதாரத் துறை இப்போது கேட்பதில்லை, ஏனென்றால் டெலோரஸின் பதிவேட்டின்படி ஆல்வின் ப்ரெக்கே அவர் வீட்டில் இல்லை, வந்துகொண்டிருக்கிறார். திங்கள்தோறும் ஓஸ்ட்மோ தன் வண்டி எங்கே என்று கேட்கிறார். டெலோரஸ் தலையைத் தூக்காமல், "வந்துக்கிட்டே இருக்குங்க தலைவரே" என்கிறாள்.